கித்துல்கலையில் நடித்து ஒஸ்கார் வென்றவர்: அலெக் கினஸின் வாழ்வும் கலையும்

கொழும்பிலிருந்து ஹற்றன் நோக்கிப் பயணம் செய்வோருக்குக் கித்துல்கல என்னும் சிற்றூர் புதியதன்று. களனி கங்கை பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் அவ்விடத்தில், 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அன்றைய பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் முன்னிலையில் பெரியதொரு மரப்பாலம் புகையிரதத்துடன் சேர்த்துத் தகர்க்கப்பட்டது. அது போரன்று, திரைப்படத்துக்கான காட்சி. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றவர் பிரித்தானியக் கலைஞர் அலெக் கினஸ். அவரது வாழ்க்கை ஒரு பெரும் நடிகரின் வரலாறு என்பதோடு, எமது மக்களின் நினைவுகளோடும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றது. ஆகவே அதனை இங்கு எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

1914ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி லண்டனில் பிறந்தவர் அலெக் கினஸ். அவரது பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. தாயார் திருமணமாகாதவர். தந்தை யார் என்பதை அவர் தம் மகனுக்கு ஒருபோதும் தெளிவாகச் சொன்னதில்லை. பாடசாலைக் கட்டணத்தைச் செலுத்தி வந்த ஸ்கொட்லாந்து வங்கியாளர் ஒருவரே தமது தந்தையாக இருக்கலாமென அலெக் பிற்காலத்தில் நம்பினார். தாயார் பின்னர் இராணுவ அதிகாரி ஒருவரை மணந்ததால், சிறுவன் சில காலம் மாற்றாந் தந்தையின் பெயரில் அழைக்கப்பட்டான். பதினான்கு வயதிலேயே தனது உண்மைப் பெயர் கினஸ் என்பதை அவன் அறிந்து கொண்டான். ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு மாறி மாறி வாழ்ந்த பிள்ளைப் பருவம் அது. தன் முகம் யாருடையது என்று தெரியாமல் வளர்ந்த ஒருவர், பிறர் முகங்களை ஏற்பதில் உலகப் புகழ் பெற்றதை வெறும் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

பாடசாலைக் கல்வி முடிந்ததும் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் சிறு வேலையில் அமர்ந்தார். கிடைத்த சொற்ப சம்பளத்தில் மலிவான நுழைவுச்சீட்டு வாங்கி நாடகங்களைப் பார்த்தார். பின்னர் உதவித்தொகை பெற்று ஒரு நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே நடைபெற்ற போட்டிக்கு நடுவராக வந்தவர்களுள் ஒருவர், அக்காலத்து ஆங்கில மேடையின் முதன்மை நடிகர் ஜோன் கில்குட். வறுமையில் வாடிய அந்த இளைஞனின் திறமையை அவர் மறக்கவில்லை. 1934ஆம் ஆண்டு தாம் தயாரித்த 'ஹம்லெற்' நாடகத்தில் ஒஸ்ரிக் என்ற சிறு பாத்திரத்தை அவருக்கு வழங்கினார். நான்கு ஆண்டுகளின் பின்னர் ஓல்ட் விக் அரங்கில், நவீன உடையில் மேடையேறிய அதே நாடகத்தில் கினஸ் ஹம்லெற்றாகவே நடித்தார். அப்போது அவருக்கு வயது 24. அவ்வாண்டிலேயே சக கலைஞரான மெருலா சலமானை மணந்தார். அவர்களது இல்லறம் 62 ஆண்டுகள் நீடித்தது.

இரண்டாம் உலகப் போர் அவரது மேடை வாழ்வை இடைநிறுத்தியது. 1941இல் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்த அவர், மறு வருடம் அதிகாரியானார். 1943இல் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது துருப்புக் காவிக் கலமொன்றுக்குக் கட்டளையிட்டார். பிறகு யூகோஸ்லாவியக் கெரில்லாப் போராளிகளுக்கு அத்ரியாட்டிக் கடல் வழியே பொருட்களைக் கொண்டு சென்றார். படை அதிகாரியின் மிடுக்கையும் அதன் பின்னால் மறைந்திருக்கும் அச்சத்தையும் அவர் ஏட்டில் படித்தறிந்தவரல்லர்.

போர் முடிந்ததும் திரையுலகம் அவரை அழைத்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் போருக்கு முன்னரே கினஸ் மேடைக்காக நாடகமாக்கியிருந்தார். அதனைக் கண்டிருந்த இயக்குநர் டேவிட் லீன், 1946இல் அந்நாவலைப் படமாக்கியபோது ஹேர்பட் பொக்கெட் பாத்திரத்தை அவருக்குக் கொடுத்தார். அடுத்து, 'ஒலிவர் ட்விஸ்ட்' படத்தில் முதிய கள்வனான ஃபேகின் வேடத்தை கினஸ் தாமே கேட்டபோது லீன் தயங்கினார். ஒப்பனையுடன் வந்து நின்றவரைப் பார்த்ததும் தயக்கம் அகன்றது. ஆயினும் நீண்ட மூக்குடன் கூடிய அந்த யூத உருவம் பெரும் சர்ச்சைக்குள்ளானது. ஐரோப்பிய யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு மூன்றாண்டுகளே கடந்திருந்த வேளை அது. பேர்ளினில் யூதர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அமெரிக்காவில் அப்படம் 1951 வரை தாமதமாகி, சில பகுதிகள் வெட்டப்பட்ட பின்னரே திரையிடப்பட்டது. கினஸின் மனைவியும் யூத வழிவந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிறரின் முகத்தை அணிவதற்கு ஆற்றல் மட்டும் போதாது. அதனால் யார் காயமுறுவர் என்ற கேள்வியும் உண்டு என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

1949இல் வெளியான 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரனெற்ஸ்' என்ற நகைச்சுவைப் படத்தில், ஒரே பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக அவர் தோன்றினார். முதியவர், இளைஞர், பாதிரியார், படைத் தளபதி என்பதோடு அவர்களுள் ஒருவர் பெண்மணியுமாவார். தமிழ் ரசிகர்களுக்கு ஒரே நடிகர் பல வேடங்கள் ஏற்பது புதிதன்று. எனினும், கினஸ் அதைக் கையாண்ட விதம் வேறானது. உரத்த குரலோ மிகையான பாவனையோ இல்லாமல், நடையையும் பார்வையையும் சிறிதளவு மாற்றியே வெவ்வேறு மனிதர்களை அவர் உருவாக்கினார். ஒரு பாத்திரத்தின் நடை பிடிபட்டால் எஞ்சியவை தானே வந்து சேரும் என்பது அவரது நம்பிக்கை. 'த லவென்டர் ஹில் மொப்', 'த மேன் இன் த வைட் சூட்', 'த லேடிகில்லர்ஸ்' ஆகிய படங்கள் அவரைப் பிரித்தானிய நகைச்சுவைப் படவுலகின் முதல் வரிசையில் நிறுத்தின. தோல்விகளும் இல்லாமலில்லை. 1951இல் அவரே இயக்கி நடித்த 'ஹம்லெற்' விமர்சகர்களின் கடும் கண்டனத்துக்குள்ளானது.

இக்காலத்தில் அவரது வீட்டில் ஒரு சோதனை நேர்ந்தது. பதினொரு வயதான ஒரே மகன் இளம்பிள்ளை வாதத்தினால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தான். கலங்கிய தந்தை, வேலை முடிந்து திரும்பும் வழியில் இருந்த கத்தோலிக்க ஆலயத்துக்குள் சென்று பிரார்த்திக்கலானார். மகன் படிப்படியாக நடக்கத் தொடங்கினான். 1956இல் கினஸ் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். அந்த நம்பிக்கை அவரது இறுதிக்காலம் வரை நிலைத்திருந்தது.

இந்தப் பின்னணியுடனேயே அவர் இலங்கைக்கு வந்தார். 'குவாய்' படத்தில் கேணல் நிக்கல்சன் வேடத்தை ஏற்க அவர் முதலில் விரும்பவில்லை. படப்பிடிப்பின்போதும் அப்பாத்திரத்தை எவ்வாறு காட்டுவது என்பதில் இயக்குநருடன் கடுமையாக முரண்பட்டார். ஜப்பானியரின் கைதியாக இருக்கும் அந்த அதிகாரி, யுத்த விதிகளின்படி அதிகாரிகள் கூலி வேலை செய்யலாகாது என்று உயிரைக் கொடுத்தும் போராடுகின்றான். அதில் வென்ற பின்னரோ, எதிரிக்கு ஒரு சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுப்பதையே தன் கௌரவமாக எண்ணத் தொடங்குகின்றான். கொள்கைப் பற்று எந்த இடத்தில் மூடத்தனமாக மாறுகின்றது என்பதை கினஸின் நடிப்பு மிக நுட்பமாகக் காட்டியது. வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டிலிருந்து விடுவிக்கப்படும் நிக்கல்சன், தள்ளாடியபடியும் தலை நிமிர்ந்தும் நடந்து வரும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த நடையை அவர் தம் மகனிடமிருந்தே எடுத்துக்கொண்டார். நோயிலிருந்து மீண்டு நடக்க முயன்ற பிள்ளையின் தளர்நடைதான் கித்துல்கலையில் ஒரு படை அதிகாரியின் நடையாயிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 1942இலும் 1943இலும் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையே இப்படத்தின் களம். அங்கு 60,000க்கும் அதிகமான நேச நாட்டு யுத்தக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக, ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளர் அதே பாதையில் வருத்தப்பட்டனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களும், பர்மியரும், ஜாவாவிலிருந்து கொண்டு வரப்பட்ட முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் மடிந்த ஆசியரின் தொகை 90,000 வரை இருக்கலாமென மதிப்பிடப்படுகின்றது. கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலானோருக்குக் கல்லறையே கிடையாது. சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் இன்றும் துயரத்துடன் நினைவுகூர்வது இதனைத்தான்.

படத்தில் இம்மக்களுக்கு இடமிருக்கவில்லை. பாலத்தைக் கட்டுபவர்களாக அங்கே தோன்றுவோர் பிரித்தானியக் கைதிகளே. இது கினஸின் குற்றமன்று. கதையை எழுதியவரும் படமாக்கியவர்களும் செய்த தெரிவு அது. ஆனால் ஓர் உண்மை எம்மை உறுத்தாமலிருக்க முடியாது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்துக்குச் செல்லும் வீதியோரத்திலேயே, உள்ளூர்த் தொழிலாளரின் கைகளாலும் யானைகளின் பலத்தாலும் எழுப்பப்பட்ட பாலத்தில், மற்றொரு நாட்டுத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் மரணம் மறைக்கப்பட்ட கதை படமானது. அம்மக்களுக்காகத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் தமிழர்கள் நடுகல் நாட்டுவதற்கு 2023ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1959இல் கினஸ் சேர் பட்டம் பெற்றார். 1962இல் வெளிவந்த 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' படத்தில் இளவரசர் ஃபைசலாக நடித்தார். துருக்கியருக்கெதிரான அரபுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, பின்னர் ஈராக்கின் மன்னரான அதே ஃபைசல்தான். லண்டன் ஒரு கிராமமாக இருந்த காலத்தில் கோர்டோவா நகரில் தெருவிளக்குகள் எரிந்ததை அப்பாத்திரம் ஆங்கிலேயருக்கு நினைவூட்டும் இடம், இஸ்லாமிய நாகரிகத்தின் பெருமையை மேற்குலகத் திரையில் ஒலிக்கச் செய்த அபூர்வமான தருணங்களுள் ஒன்று. அதைக் கண்ணியத்துடனும் அமைதியுடனும் கினஸ் நிறைவேற்றினார். எனினும் அரபுத் தலைவர் ஒருவரின் வேடம் அரபுக் கலைஞருக்குக் கிட்டவில்லை என்பதும் உண்மையே. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் 'எ பசேஜ் டு இந்தியா'வில் தோலுக்கு நிறம் பூசிப் பிராமணப் பேராசிரியர் கோட்போலேயாக அவர் தோன்றியபோது, காலம் மாறியிருந்தது. அத்தெரிவு பலராலும் குறைகூறப்பட்டது. அன்று இயல்பாகக் கருதப்பட்டதை இன்று எவரும் இலகுவில் ஏற்கமாட்டார்கள்.

இளைய தலைமுறையினர் கினஸை அறிவது 1977இல் வெளியான 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் ஒபி வன் கெனோபியாகவே. இலாபத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு அவருக்குப் பெரும் செல்வத்தைத் தந்தது. ஆனால் அப்புகழ் அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகப் பெருமையுடன் கூறிய சிறுவனிடம், இனி அதைப் பார்ப்பதில்லை என்று வாக்குறுதி கேட்டதாக அவரே தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஒரு பிள்ளை கற்பனையுலகிலேயே வாழ்ந்துவிடுமோ என்ற கவலையே அதற்குக் காரணம்.

1964இல் கவிஞர் டிலன் தோமஸாக நியூயோர்க் மேடையில் நடித்து டோனி விருதையும், 1980இல் கௌரவ ஒஸ்கார் விருதையும் அவர் பெற்றார். எம்மைப் பொறுத்தவரை அவரது கலையின் உச்சம், ஜோன் லெ கரேயின் நாவலைத் தழுவி 1979இல் பிபிசி ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடராகும். ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி ஜோர்ஜ் ஸ்மைலியாக நடிப்பதற்கு முன்னர், பிரித்தானிய உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஒருவருடன் விருந்துண்டு, அவரது அசைவுகளைக் கூர்ந்து கவனித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதிலும் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதிலும் ஒரு மனிதனின் ஏமாற்றங்கள் அனைத்தையும் அவர் வெளிப்படுத்தினார். பேசுவதைவிடக் கேட்பதில்தான் நடிப்பு இருக்கின்றது என்பதற்கு அத்தொடர் சிறந்த பாடமாகும்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, 86ஆவது வயதில், புற்றுநோயினால் அவர் காலமானார். அவ்வருடம் ஒக்டோபரில் மனைவி மெருலாவும் மறைந்தார். ஆரவாரத்தை வெறுத்து, நாட்டுப்புற வீடொன்றில் ஒதுங்கி வாழ்ந்த கலைஞருக்கு அமைதியான முடிவே வாய்த்தது.

ஒரு கலைஞனைப் போற்றுவதற்காக அவன் நடித்த கதையின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அக்குறைகளுக்காக அவனது கலையை ஒதுக்கவும் வேண்டியதில்லை. 'குவாய்' படத்தை மீண்டும் பார்க்கும் எமது இளைஞர்கள் கினஸின் நடையை வியக்கட்டும்; அதனுடன், அப்பாதையில் நடந்து சென்று திரும்பி வராத தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றித் தேடிப் படிக்கவும் வேண்டும். திரை காட்டாத அம்மனிதர்களின் கதையை எழுதவும் நடிக்கவும் எமது கலைஞர்கள் முன்வருவார்களாயின், அதுவே அவர்களுக்குச் செய்யும் தகுந்த அஞ்சலியாக அமையும்.