நீச்சல் தெரியாமல் கப்பலில் இறங்கிய யூஜின் ஈலி

விக்ராந்த் கப்பலில் போர் விமானங்கள் வந்து இறங்கும் காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்போம். பாய்ந்து வரும் விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கிடக்கும் இரும்பு வடத்தில் மாட்டிக்கொள்கிறது. சில நொடிகளில் விமானம் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு கப்பலில் முதன்முதலாக இறங்கிக் காட்டியவர் கடற்படை வீரரல்ல. கார் ஓட்டிப் பிழைத்த ஓர் அமெரிக்க இளைஞர். அவர் பெயர் யூஜின் ஈலி.

1886 அக்டோபர் 21 அன்று அயோவா மாநிலத்தில் பிறந்தார். இருபது வயதுக்கு முன்பே ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரிடம் கார் ஓட்டுநராகச் சேர்ந்தார். அந்தப் பாதிரியாருக்கும் வேகம் என்றால் பிரியமாம். மதப் பணியில் இருப்பவர்கள் நிதானமாகத்தான் போவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்! பின்னர் சான்பிரான்சிஸ்கோ சென்றார். 1907இல் மேபல் என்ற பெண்ணை மணந்தார். இருவரும் போர்ட்லாந்து நகரில் குடியேறினார்கள்.

அங்கே ஒரு கார் வியாபாரி விமானம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஆனால் அவருக்கு அதை ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று ஈலி ஏறி உட்கார்ந்தார். விமானம் விழுந்து நொறுங்கியது. இங்கேதான் அந்த மனிதரின் குணம் தெரிகிறது. ஓடி ஒளியவில்லை, தன்னால் வந்த நஷ்டம் என்று, உடைந்த விமானத்தைத் தானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் அதைப் பழுது பார்த்து, அதிலேயே பறக்கவும் கற்றுக்கொண்டார். 1910இல் விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்ட்டிஸ் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஊர் ஊராகப் பறந்து காட்டிச் சம்பாதிப்பது தொழிலாயிற்று.

அந்த நாட்களில் அமெரிக்கக் கடற்படையில் விமானத்தை நம்பியவர்கள் மிகக் குறைவு. கேப்டன் வாஷிங்டன் இர்விங் சேம்பர்ஸ் ஒருவர் மட்டும், கப்பலிலிருந்தே விமானத்தைப் பறக்க விட முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பரிடம் கேட்டபோது, ஆபத்தான வேலை என்று மறுத்துவிட்டார். ஈலி சம்மதித்தார். கட்டணமும் கேட்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைக் கண்டால் பயம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சம்மதத்தின் கனம் நமக்குப் புரியும்.

1910 நவம்பர் 14. வர்ஜீனியா கடற்கரையோரம் பர்மிங்காம் என்ற போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதன் முன்பகுதியில் 83 அடி நீளத்தில் ஒரு மரத்தளம். மழையும் மூடுபனியுமாக இருந்தது. வானம் தெளியட்டும் என்று காத்திருந்த ஈலி, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பொறுமையிழந்து கிளம்பிவிட்டார். தளம் முடிந்ததும் விமானம் நேராகக் கீழே சரிந்தது. சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டன, புரொப்பல்லர் விசிறியின் நுனி அலையில் பட்டுச் சிதறியது. உப்புநீர் தெறித்துக் கண்ணாடியை மறைத்தது. எப்படியோ மேலே எழுந்து, போக நினைத்த இடத்தை விட்டுவிட்டு, எதிரே தெரிந்த மணல்கரையில் இறங்கினார். பறந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனாலும் கப்பலிலிருந்து ஒரு விமானம் கிளம்பியது உலகில் அதுவே முதல் தடவை.

கிளம்பியாயிற்று, இறங்குவது எப்படி? இரண்டு மாதம் கழித்து, 1911 ஜனவரி 18 அன்று, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற கப்பலில் அதற்கும் பதில் கிடைத்தது. நூற்றுச் சொச்சம் அடி நீளத் தளத்தின் குறுக்கே 22 கயிறுகள். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் மணல் மூட்டைகள். விமானத்தின் அடியில் கொக்கிகள். கொக்கியை வடிவமைத்த ஹியூ ராபின்சன் சர்க்கஸில் வித்தை காட்டியவர். ஈலி தலையில் மெத்தை வைத்த கவசம் அணிந்து, தோள்களில் காற்றடித்த சைக்கிள் டியூப்களைச் சுற்றிக்கொண்டு வந்தார். கடலில் விழுந்தால் அதுதான் அவருக்கு மிதவை!

முதலில் இருந்த கயிறுகளை விமானம் தாண்டிப் போனது. அடுத்தவை கொக்கியில் மாட்டின, மூட்டைகள் இழுபட்டன, விமானம் நின்றது. கப்பலில் காத்திருந்த மேபல் ஓடி வந்து கணவரை வரவேற்றார். கேப்டனுடன் பகல் உணவு முடித்துவிட்டு, ஈலி அதே தளத்திலிருந்து பறந்து திரும்பினார். இன்று மணல் மூட்டைகளின் வேலையைத் தளத்துக்கு அடியில் உள்ள இயந்திரங்கள் செய்கின்றன. மற்றபடி அடிப்படை மாறவில்லை.

ஈலி கடற்படையில் வேலை கேட்டார். விமானப் பிரிவே அப்போது உருவாகவில்லை. உருவானால் நினைவில் வைத்துக்கொள்வதாகச் சேம்பர்ஸ் சொன்னார். சாகசங்களைக் குறைத்துக்கொள்ளும்படியும் அறிவுரை சொன்னார். ஆனால் பிழைப்பு அதில்தானே இருந்தது. இதை எப்போது விடுவீர்கள் என்று ஒரு பத்திரிகை கேட்டதற்கு, மற்றவர்களைப் போலத் தானும் சாகும்வரை பறப்பேன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

1911 அக்டோபர் 19 அன்று ஜார்ஜியாவின் மேகன் நகரில், கீழ்நோக்கிப் பாய்ந்த விமானத்தை நிமிர்த்தத் தாமதமாகிவிட்டது. மோதும் நேரத்தில் வெளியே குதித்தார். கழுத்து எலும்பு முறிந்து, சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், நினைவுப்பொருள் என்று விமானத்தின் துண்டுகளைப் பொறுக்கியது. அதோடு விடாமல் அவருடைய கையுறை, டை, தொப்பி வரை எடுத்துக்கொண்டு போனது. இதை எழுதும்போது நமக்குக் கை கூசுகிறது. அவருடைய 25ஆவது பிறந்தநாளில் உடல் சொந்த ஊரை அடைந்தது; அங்கே அடக்கம் செய்தார்கள்.

அமெரிக்கக் கடற்படைக்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்து, பத்தாண்டுக்கு மேல் அவை கடலில் ஓடியும் ஆயிற்று. அதற்குப் பிறகு, 1933இல்தான், அமெரிக்க நாடாளுமன்றம் ஈலிக்குச் சிறப்புப் பறத்தல் சிலுவை என்ற பதக்கத்தை அளித்தது.