கடலுக்குக் கடிகாரம் தந்த தச்சர்

நாட்டைக் காப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், படைவீரரையும் ஆட்சியாளரையும் சுட்டிக் காட்டுவதே நம் வழக்கம். ஆனால், கடற்படைத் தலைவர்களும் பேரறிஞர்களும் விடை காணாது திகைத்த ஒரு சிக்கலை, நாட்டுப்புறத் தச்சர் ஒருவர் தீர்த்துவைத்த வரலாறும் உண்டு. அவர்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹாரிசன்.

1693ஆம் ஆண்டு யார்க்‌ஷயர் பகுதியில், ஃபவுல்பி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையும் தச்சரே. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் லிங்கன்ஷயரில் உள்ள பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலை ஹாரிசன் மிதித்ததில்லை. ஊருக்கு வந்த பாதிரியார் ஒருவர் இயற்கை விஞ்ஞானம் பற்றிய விரிவுரைக் குறிப்புகளை இரவலாகத் தர, அவற்றைத் தம் கையாலேயே படியெடுத்துக் கற்றார். 1713ஆம் ஆண்டு, இருபது வயதளவில், ஏறக்குறைய முழுவதும் மரத்தாலேயே ஊசல் கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். நம் வயதுதான் அவருக்கு அப்போது!

அதே காலத்தில் இங்கிலாந்தைப் பெருங்கவலை ஒன்று வாட்டியது. நடுக்கடலில் கப்பல் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறது என்பதைச் சூரியனையும் விண்மீன்களையும் கொண்டு அறியலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்பதை, அதாவது தீர்க்கரேகையை, அறிய நம்பத்தக்க வழி இல்லை. 1707ஆம் ஆண்டு அக்டோபரில், தளபதி ஷவெல் தலைமையில் திரும்பிக்கொண்டிருந்த கடற்படைக் கப்பல்களுள் நான்கு, இடம் தெரியாமல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். அவர்களைக் கொன்றது பகைவனின் பீரங்கி அன்று, அறியாமையே. மேலும், கப்பல்கள் எல்லாம் தெரிந்த ஒரு சில பாதைகளிலேயே சென்றதால், பகைவரும் கொள்ளையரும் காத்திருந்து தாக்குவது எளிதாயிற்று.

1714இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் பிழையின்றிக் கண்டறியும் வழி சொல்பவருக்கு 20,000 பவுன் பரிசு! பட்டம் பெற்றவரா, படையில் இருப்பவரா, எக்குடியில் பிறந்தவர் என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை. நாட்டின் பாதுகாப்புச் சிக்கலை நாட்டு மக்கள் அனைவர் முன்னும் வைத்தார்கள். முடிவு சொல்ல அறிஞரும் அதிகாரிகளும் அடங்கிய ஒரு வாரியமும் அமைந்தது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 4 நிமிட வேறுபாடு ஒரு பாகைக்குச் சமம். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், அதைச் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அரைப் பாகைக்குள் பிழை நிற்க வேண்டுமாயின், ஆறு வாரப் பயணத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று விநாடி கூடத் தவறக் கூடாது. அலையிலும் வெப்பத்திலும் குளிரிலும் அப்படி ஓடும் கடிகாரம் செய்ய முடியுமா என்று நியூட்டனே ஐயுற்றார். வானத்தில் சந்திரனின் இடத்தை அளந்தே விடை காண முடியும் என்பது வானநூலார் பலரின் கருத்து.

ஹாரிசன் 1730 அளவில் லண்டனுக்கு வந்தார். வானநூல் அறிஞர் ஹாலி அவரை இகழாமல், புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் கிரஹாமிடம் அனுப்பினார். காலையில் தொடங்கிய பேச்சு இரவு உணவு வரை நீண்டது. கிரஹாம் வட்டியில்லாமல் கடனும் தந்து வழியனுப்பினார். ஹாரிசன் 1735இல் முதற் கடற்கடிகாரத்தை முடித்தார். 1736இல் லிஸ்பனிலிருந்து திரும்பும்போது, கரை தெரிந்த இடத்தைக் கப்பலை நடத்தியவர்கள் தவறாகக் கணித்திருந்தனர். ஹாரிசன் அதைத் திருத்தினார். வேறுபாடு ஏறத்தாழ 60 மைல்!

இங்கேதான் அவருடைய பண்பு விளங்குகிறது. 1737இல் வாரியம் கூடியபோது அவர் பரிசைக் கேட்கவில்லை. தம் கருவியின் குறைகளைத் தாமே எடுத்துக்காட்டி, இன்னும் சிறந்ததைச் செய்யப் பொருளுதவி மட்டுமே வேண்டினார். இரண்டாவது கடிகாரமும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மூன்றாவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். பிறகு, பெரிய பொறிகளை விட்டுவிட்டு, 13 சென்டிமீட்டர் அகலமே உள்ள நான்காவது கடிகாரத்தை 1759இல் செய்து முடித்தார்.

1761இல் அவர் மகன் வில்லியம் அதனுடன் ஜமைக்காவுக்குப் பயணமானார். 81 நாட்களில் கடிகாரம் காட்டிய பிழை ஐந்து விநாடி அளவே! வாரியமோ அதனைத் தற்செயல் என்று ஐயுற்றது. 1764இல் பார்படோசுக்கு மீண்டும் சோதனை, மீண்டும் வெற்றி. எனினும் கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி, அதன் நுட்பங்களை எல்லாம் விளக்கினால்தான் பாதிப் பரிசு என்றனர். மீதிக்கு இன்னும் கடிகாரங்கள் செய்து காட்ட வேண்டும் என்றனர்.

வாரியத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று கூற முடியாது. ஒருவர் கையால் மட்டுமே செய்யக்கூடிய ஒற்றைக் கடிகாரம் ஒரு கடற்படையைக் காக்காது. மற்றவரும் செய்ய முடியுமா என்று பார்ப்பது கடமையே. ஆனால் வாரியத்தில் அமர்ந்திருந்த வானநூலார் சிலர் சந்திர முறையை ஆதரித்தவர்கள். போட்டியாளரே நடுவராய் இருந்தால், முதியவரின் மனம் எப்படி ஆறும்? இறுதியில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1772இல் ஹாரிசனின் ஐந்தாம் கடிகாரத்தைத் தம் வானாய்வுக் கூடத்தில் சோதிக்கச் செய்தார். 1773இல் பாராளுமன்றமே 8,750 பவுன் வழங்கியது. ஹாரிசனுக்கு அப்போது வயது எண்பது. மூன்று ஆண்டுகளில், 1776ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மறைந்தார்.

கெண்டால் என்னும் கலைஞர் செய்த அவருடைய நான்காம் கடிகாரத்தின் மறுபடி, 1772 முதல் 1775 வரை கேப்டன் குக்கின் கப்பலில் உலகைச் சுற்றிவந்து அம்முறையின் மேன்மையை மெய்ப்பித்தது. 1831இல் புறப்பட்ட பீகிள் கப்பலில் 22 கடற்கடிகாரங்கள் இருந்தன.

தோழர்களே, இவ்வரலாறு நமக்குக் கூறுவது என்ன? நாட்டின் சிக்கலுக்கு மக்களை அழைப்பது நற்செயல். அந்த அழைப்பு இல்லையெனில் ஹாரிசன் ஊர்க் கடிகாரங்களோடு நின்றிருப்பார். ஆனால் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. உள்ளே வருபவரின் உடையைப் பாராமல், அவர் கையில் உள்ளதைப் பார்க்கும் மனமும் வேண்டும். ஹாலியும் கிரஹாமும் அப்படிப் பார்த்தார்கள். அழைக்கப்படுபவருக்கும் கடமை உண்டு. தன் குறையைத் தானே சொல்லும் நேர்மையும், சோதனைக்கு அஞ்சாத உறுதியும் அவருக்கு வேண்டும்.

நம்முள் பலர், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாளை நாம் மேசைக்குப் பின்னால் அமரும் காலம் வரும். அப்போது கரடுமுரடான கையோடு ஒருவர் நம் முன் வந்து நின்றால், அவருடைய பட்டத்தைக் கேட்கும் முன், அவர் சொல்ல வந்ததைக் கேட்போமாக!