நாக் சத்தத்தைத் துரத்தியவர்

வண்டியை ரீமேப் பண்ணப் போறேன்னு சொல்ற ஒருத்தன் உங்க கிளாஸ்லயும் இருப்பான். லேப்டாப்பைச் சொருகி, இசியுவுக்குள்ள ட்யூனர் மாற்றுவது முக்கியமா இரண்டு டேபிள்தான். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும் என்பது ஒன்று. பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது ஸ்பார்க் விழணும் என்பது இன்னொன்று. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் லோடு, நடுவில் கட்டம் கட்டமா எண்கள். ஃபுல் த்ராட்டிலில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.5, 13 பக்கம் வர்ற மாதிரி பெட்ரோலைக் கூட்டுவாங்க, ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னாடி தள்ளுவாங்க. பவர் கூடும்.

அப்போ இன்னும் பத்து டிகிரி தள்ளினா என்ன? இன்ஜின் உள்ளிருந்து சுத்தியலால் தட்டுற மாதிரி சத்தம் வரும். ஸ்பார்க்கில் கிளம்பின தீ போய்ச் சேர்வதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். இதுதான் நாக். தொடர்ந்து விட்டா பிஸ்டனில் ஓட்டை விழும். ட்யூனரின் திறமை எல்லாம் இந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்கிறார் என்பதில்தான் இருக்கு.

அந்தக் கோட்டையே தள்ளி வைத்தவர் ஒருத்தர் இருக்கார். தாமஸ் மிட்ஜ்லி. 1889-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்தார். ஆமா, நம்ம டிபார்ட்மென்ட்தான். 1916-ல் ஒஹையோ மாநிலம் டேட்டனில் சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போதெல்லாம் ஃபோர்டு மாடல் டி மாதிரி கார்களில் ஸ்பார்க் டைமிங்கை மாற்ற ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். இன்னைக்கு இசியு செய்வதை டிரைவரின் இடது கை செய்தது. கெட்டரிங் பேட்டரி இக்னிஷனும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் கொண்டு வந்தவர். இன்ஜின் தட்டினா எல்லாரும் அவருடைய இக்னிஷனைத்தான் குற்றம் சொன்னாங்க. உண்மை என்னன்னு பார்க்கச் சொல்லி வேலை மிட்ஜ்லிக்கு வந்தது.

அவர் செய்த வேலையை நான் ரொம்ப ரசிக்கிறேன். சிலிண்டர் அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், அது வரையும் கோடு. அதை வைத்துப் பார்த்தா, அழுத்தம் திடீர்னு எகிறுவது ஸ்பார்க் விழுந்த பிறகு. ஆக இக்னிஷன் குற்றவாளி இல்லை, எரிபொருள்தான். சிவப்பு நிறம் வெப்பத்தை நல்லா உறிஞ்சும்னு நினைத்து பெட்ரோலுக்குச் சாயம் தேடினார். கையில் அயோடின்தான் இருந்தது. போட்டார், நாக் குறைந்தது. அப்புறம் நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டா ஒண்ணும் நடக்கலை. தியரி தப்பு, ரிசல்ட் சரி! லேபில் நமக்கும் இது நடந்திருக்கு இல்லையா?

அதன் பிறகு வருஷக்கணக்கில் தேடல். அனிலின், செலினியம், டெல்லூரியம்னு போனார். டெல்லூரியம் உடம்பில் ஏறினா பூண்டு நாற்றம் போகவே போகாது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் கிடைத்தது. ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சில கிராம் போதும், தட்டல் நின்றுவிடும். கம்ப்ரஷன் ரேஷியோவைக் கூட்டலாம், ஸ்பார்க்கை முன்னாடி தள்ளலாம். 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை ஆரம்பம். பெயர் வெறும் எத்தில். ஈயம் என்ற வார்த்தையே அதில் கிடையாது.

ஈயம் விஷம் என்பது அப்போது ரகசியம் இல்லை. விற்பனை தொடங்கிய அதே காலத்தில் மிட்ஜ்லிக்கே ஈய பாதிப்பு. உடம்பு தேற ஃப்ளோரிடா போய் ஓய்வெடுத்தார். எத்தனாலும் நாக்கைக் குறைக்கும் என்பது அவருக்குத் தெரியும், அதை அவரே சோதித்திருந்தார். ஆனா அது யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடிய பொருள், அதிலிருந்து ஒரு கம்பெனிக்குத் தனி லாபம் வராது. (இன்னைக்கு நம்ம பெட்ரோலில் 20 சதவீதம் கலந்து வருவது அதே எத்தனால்தான்.)

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ரீஃபைனரியில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் மனம் பேதலித்துச் சரிந்தாங்க. ஐந்து பேர் செத்துப் போனாங்க. அந்த மாதம் 30-ம் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அவங்க கண்ணெதிரே அந்தத் திரவத்தில் கை கழுவினார், பாட்டிலை ஒரு நிமிஷம் முகர்ந்து காட்டினார். தன் உடம்பு பட்ட பாடு தெரிந்த ஆள் இதைச் செய்தார் என்பதை என்னால் மன்னிக்க முடியலை. அறியாமல் செய்த பிழைன்னு இதைச் சொல்ல வழியே இல்லை. 1925-ல் விற்பனை நின்றது, 1926-ல் மறுபடி தொடங்கியது. உலகம் முழுக்கப் போனது.

அதோடு நிற்கலை. ஃப்ரிட்ஜுக்காக ஃப்ரியான் வாயுவை உருவாக்கிய குழுவை நடத்தியவரும் இவர்தான். ஓசோன் படலத்துக்கு அது என்ன செய்தது என்பது நீங்க ஈவிஎஸ் பேப்பரில் எழுதின பதில். 1940-ல் போலியோ வந்து கால்கள் போயின. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்து தானே ஒரு அமைப்பு செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறு கழுத்தை இறுக்கி இறந்து கிடந்தார். வயது 55. அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் தலைவர் பதவியில் இருந்த வருஷம் அது.

ஈயத்தை பெட்ரோலிலிருந்து விரட்டத் தொடங்கினது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் அது வந்தது. ஈயம் பட்டா அதிலிருக்கும் பிளாட்டினம் செத்துப்போகும், ஆக்சிஜன் சென்சாரும் கெட்டுப்போகும். அந்த சென்சார் இல்லைன்னா இசியு தான் கொடுத்த பெட்ரோல் சரியான்னு தெரிஞ்சுக்க வழியில்லை. ஈயம் போனதும் பெட்ரோலின் நாக் தாங்கும் சக்தி குறைந்தது. 1970-களின் கடைசியில் வேறொரு வழி வந்தது. பிளாக்கில் ஒரு பீசோ சென்சார், அது சத்தத்தைக் கேட்டதும் இசியு ஸ்பார்க்கைச் சில டிகிரி பின்னாடி இழுக்கும். தட்டல் அடங்கினா மெல்ல முன்னாடி கொண்டு வரும். மிட்ஜ்லி விஷம் கலந்து தள்ளி வைத்த கோட்டை, இப்போ ஒவ்வொரு சுழற்சியிலும் காது கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிக்கிறோம்.

இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-ல் நின்றது. கார்களுக்கு அதைக் கடைசியாக விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே நின்றது 2021 ஜூலையில். நம்ம பேட்ச் அப்போ போனைப் பிடிச்சுக்கிட்டு ஆன்லைன் கிளாஸில் உட்கார்ந்திருந்தது.