ஈமானும் அமலும்: நாகூர் நாயகத்தின் வாழ்வு காட்டும் வழி

அறுவடை முடிந்து களத்து மேட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். தஞ்சைச் சீமையில் அப்படிப்பட்ட பேச்சுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு வருகிறவர் ஒருவர். ஆனால் மரக்காலில் நெல்லைக் குறைத்து அளக்கிறார். நம் மார்க்கத்தைச் சேராதவர் மற்றொருவர். ஆனால் கூலியாளுக்கு உரியதை அன்று மாலையே கையில் கொடுத்து அனுப்புகிறார். இவ்விருவரில் மேலானவர் யார்? நம்பிக்கை பெரிதா, செயல் பெரிதா?

இக்கேள்விக்கு ஏட்டில் விடை தேடுமுன், இதே மண்ணில் அடங்கியிருக்கும் பெரியார் ஒருவரின் வாழ்வை நாம் பார்ப்போம். வெட்டாறு கடலில் கலக்கும் நாகூரில் ஓய்வு கொண்டிருக்கும் ஹஜ்ரத் அப்துல் காதிர் ஷாஹுல் ஹமீது நாயகம் (ரஹ்) அவர்களே அவர்கள்.

நாயகம் அவர்கள் வட இந்தியாவில் மாணிக்கப்பூர் என்னும் ஊரில் ஹிஜ்ரி 910ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1504இல் பிறந்ததாக மரபு கூறுகிறது. தந்தை ஸையிது ஹஸன் குத்தூஸ். தாய் ஸையிதா பாத்திமா. கௌதுல் அஃளம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வழியில் வந்த குடும்பம் என்பர். குலப்பெருமையும் கல்வியும் வீட்டிலேயே இருந்தன. அதுவே போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வாலிபப் பருவத்தில் பெற்றோரைப் பிரிந்து குவாலியருக்குச் சென்று, ஷத்தாரிய்யா தரீக்காவின் பெரும் ஷைகாகிய முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் மாணவராய் அமர்ந்தார்கள். புகழ்பெற்ற இசைவாணர் தான்சேனின் அடக்கம் இந்த ஷைகின் அடக்கத்தருகில்தான் இன்றும் இருக்கிறது என்றால், அக்காலத்தில் அவர்களுக்கு இருந்த மதிப்பை நாம் ஊகித்துக் கொள்ளலாம். அத்தகைய ஆசானின் காலடியில் நாயகம் அவர்கள் பெற்றது வெறும் ஏட்டுக் கல்வியன்று. நஃப்ஸை அடக்கவும், பசியைத் தாங்கவும், பிறருக்கு ஊழியம் செய்யவும் அவர்கள் அங்கே பழகினார்கள்.

அதன் பின்னர் அவர்களுடைய வாழ்வு ஒரு நீண்ட பயணமாயிற்று. ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். கடல் வழியாகத் தெற்கே வந்து, மாலத்தீவு, இலங்கை, காயல்பட்டினம், திருச்சி எனப் பல ஊர்களையும் கடந்து தஞ்சையை அடைந்தார்கள். 404 பக்கீர்கள் உடன் வந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. திருமணம் செய்யாமலே வாழ்ந்த அவர்கள், யூசுபு சாகிப் அவர்களைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார்கள். அவருக்கு மணமுடித்தும் வைத்தார்கள். அந்த மகனுடைய சந்ததியினரே பரம்பரை பரம்பரையாக நாகூரில் பணி புரிந்து வந்திருக்கின்றனர்.

அக்காலச் சோழமண்டலக் கரை அமைதியாக இருந்ததில்லை. போர்த்துக்கீசியரின் கப்பல்கள் முஸ்லிம் வணிகர்களையும் மாலுமிகளையும் கடலில் அலைக்கழித்த காலம் அது. அஞ்சிக் கிடந்த மக்களுக்கிடையே கையில் ஆயுதமின்றி, துஆவும் தொண்டுமாக நாயகம் அவர்கள் வந்து தங்கினார்கள்.

தஞ்சையை அப்போது நாயக்கர்கள் ஆண்டார்கள். சேவப்ப நாயக்கரின் மகன் அச்சுதப்ப நாயக்கர் தீராத நோயால் வருந்திக் கிடந்தார் என்றும், அரண்மனையில் ஊசிகள் குத்தப்பட்டிருந்த ஒரு புறாவை நாயகம் அவர்கள் கண்டெடுத்து, ஊசிகளைக் களைந்ததும் நோய் நீங்கிற்று என்றும் பெரியோர் சொல்லி வருகின்றனர். நன்றி பாராட்டிய மன்னர் கடற்கரையில் நிலம் வழங்கினார். அவ்விடமே நாகூரில் அவர்கள் தங்கும் இடமாயிற்று.

இச்செய்தியில் கராமத்தை மட்டுமே கேட்டு வியந்துவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். அதிலுள்ள மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அச்சுதப்ப நாயக்கர் திருவரங்கம் கோயிலுக்குப் பெரும் திருப்பணி செய்த வைணவர். கடைசிவரை அப்படியே வாழ்ந்தவர். மார்க்கம் மாறினால்தான் உன் நோயைத் தீர்ப்பேன் என்று நாயகம் அவர்கள் பேரம் பேசியதாக எந்தச் செய்தியும் இல்லை. துன்பப்பட்டவனுக்கு உதவுவது அவர்களுடைய ஈமானிலிருந்து எழுந்த செயல். மன்னர் செய்ததோ நன்றியுள்ள ஒரு மனிதரின் செயல். அவர்கள் அதை மதித்து ஏற்றுக் கொண்டார்கள்.

ஹிஜ்ரி 978ஆம் ஆண்டு, கி.பி. 1570இல், ஜமாதுல் ஆகிர் மாதம் பிறை 10இல் நாயகம் அவர்கள் மறைந்தார்கள். அவர்கள் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நட்பு அறுந்து போகவில்லை. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார். நாகூரிலுள்ள ஐந்து மினாராக்களில் உயர்ந்தது அதுவே. கடலில் வரும் மாலுமிக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு மராட்டிய மன்னர் எழுப்பிய மினாரா!

அப்படியானால் நம்பிக்கை எதுவாயினும் செயல் நன்றாக இருந்தால் போதுமென்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்ல மார்க்கம் நமக்கு இடந்தரவில்லை. அறியாமைக் காலத்தில் ஏழைகளுக்கு வாரி வழங்கிய இப்னு ஜுத்ஆனைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது, தம் இறைவனிடம் ஒருநாளும் பாவமன்னிப்புக் கேளாதவருக்கு அச்செயல்கள் மறுமையில் பயன் தரா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

ஆனால் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாயிபிலிருந்து மனம் நொந்து மக்கா திரும்பியபோது, அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் முத்இம் பின் அதீ. ஈமான் கொள்ளாமலே இறந்தவர் அவர். பத்ருப் போர் முடிந்ததும், முத்இம் உயிரோடிருந்து கேட்டிருந்தால் இக்கைதிகள் அனைவரையும் அவருக்காகவே விட்டிருப்பேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். மறுமையின் தீர்ப்பு அல்லாஹ்வுக்குரியது. நன்றி செலுத்துவது நமக்குரிய கடமை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக் கொள்ளக் கூடாது.

நம்முடைய நிலைக்கு வருவோம். பெரும்பாவம் செய்தவன் ஈமானையே இழந்துவிட்டான் என்று காரிஜிய்யாக்கள் வரம்பு மீறினர். ஈமான் இருந்துவிட்டால் பாவத்தால் கெடுதியில்லை என்று முர்ஜிஆக்கள் மறுபுறம் சரிந்தனர். நம் இமாம்கள் நடுவழி நின்றனர். கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம், அமலும் ஈமானைச் சேர்ந்ததே, ஈமான் கூடும், குறையும் என்றார்கள். உள்நாட்டு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் இமாம், ஈமான் வேறு, அமல் வேறு என்றார்கள். ஆயினும் பாவி முஸ்லிமாகவே இருக்கிறான், தன் பாவத்துக்கு அவன் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். திருமறையும் ஈமானைச் சொல்லும் இடங்களில் மீண்டும் மீண்டும் நற்செயலை உடன் சேர்த்தே சொல்கிறது. அல்மாஊன் சூரா, தொழுதுகொண்டே அண்டை வீட்டாருக்கு அற்பப் பொருளையும் மறுப்பவர்களை எச்சரிக்கிறது.

விதைநெல்லைக் குதிரில் பூட்டி வைத்துவிட்டு, வயலில் நாற்று இல்லையே என்று எவரும் அழுவதில்லை. நாம் மட்டும் கலிமாவை நெஞ்சில் பூட்டி வைத்துக் கொண்டு சொர்க்கத்தை எதிர்பார்க்கிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நாகைக் கரையோரத்தை அழித்தபோது, நாகூர் தர்கா எல்லாச் சமயத்தாருக்கும் தங்க இடமும் உணவும் கொடுத்தது. நாயகம் அவர்களுக்குச் செய்யப்பட்ட உண்மையான மரியாதை அதுவன்றோ!

ஆகவே கந்தூரிக்குப் போய் வருகிறவர்களும், வீட்டிலேயே பாத்திஹா ஓதுகிறவர்களும் ஒரு கணம் நம் வீட்டைத் திரும்பிப் பார்ப்போம். நம் மரக்கால் சரியாக இருக்கிறதா? நம் வயலில் நாற்று நட்டவளின் கூலி இன்று கொடுக்கப்பட்டதா? மகனுக்குக் கைக்கூலி கேட்டு ஓர் ஏழைத் தகப்பனை நாம் அழ வைத்தோமா? களத்து மேட்டுக் கேள்வியில் வந்த இருவரில் யார் மேலானவர் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அந்த முதல் மனிதராக நாம் இருந்துவிடக் கூடாது என்பதே நம் கவலையாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் ஈமானை அமலால் அழகுபடுத்துவானாக! ஆமீன்.