டாட்டா தேர்ந்த துணைவர்கள்

ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டாவை இரும்புத் தொழிலின் தந்தை என்றே உலகம் போற்றுகின்றது. ஆயினும், தம் கண்ணால் தம் ஆலையின் இரும்பை அவர் கண்டதில்லை. 1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்னும் ஊரில் அவர் கண்மூடியபோது, ஆலைக்கு உரிய இடம்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தலைவர் மறைந்த பின்னும் பணி நில்லாது நடந்ததே! அது எங்ஙனம் இயன்றது? விடை நாம் வாழும் இந்த நாகபுரியிலேயே தொடங்குகின்றது.

1839 மார்ச் 3ஆம் நாள் குஜராத்தின் நவசாரியில், பார்சிக் குருமார் குடியில் பிறந்தவர் ஜாம்ஷெட்ஜி. தந்தையார் பம்பாயில் வணிகர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1858இல் தேறி, 1868இல் இருபத்தோராயிரம் ரூபாய் முதலுடன் தனி வாணிகம் தொடங்கினார். மறு ஆண்டே நொடித்துப் போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலை ஆக்கினார். பின்னர் அதனை இலாபத்துக்கு விற்று, இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்று நெசவுத் தொழிலைக் கற்று மீண்டார்.

அக்காலத்தில் பஞ்சாலை என்றாலே பம்பாய்தான். ஜாம்ஷெட்ஜியோ பருத்தி விளையும் நிலத்துக்கருகே, இரயில் பாதை ஓரத்தில் ஆலை அமைய வேண்டுமென்று நாகபுரியைத் தேர்ந்தார். சதுப்பு நிலத்தை வாங்கி மண்ணிட்டு நிரப்பினார். உள்ளூர் மார்வாரிச் சேட் ஒருவர், பொன்னை மண்ணில் புதைப்பதாக எண்ணிக் கடன் தர மறுத்தாராம். 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியப் பேரரசி எனப் பட்டம் புனைந்த அன்றே, எம்பிரஸ் மில் திறக்கப்பட்டது.

இந்த ஆலையை நடத்த அவர் யாரைத் தேடினார் என்பதே நம் இரயில்வேக் குடும்பத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி. பெஸன்ஜி தாதாபாய் மேத்தா என்பவர் ஜி.ஐ.பி. இரயில்வேயில் சரக்குப் பிரிவு அதிகாரி. நூலுக்கும் நெசவுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவரையே ஜாம்ஷெட்ஜி ஆலை நிருவாகத்துக்கு அமர்த்தினார். பலர் வியந்திருக்கலாம், நாம் வியக்கவில்லை. எத்தனை மூட்டை ஏறிற்று, எத்தனை இறங்கிற்று, எந்த வண்டி எங்கே நிற்கிறது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று பகலிரவு கணக்கு வைப்பவனுக்கு ஓர் ஆலையின் கணக்கு அந்நியமாகுமா? ஆட்களை வேலை வாங்குதலும், பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறித்த நேரத்தில் சேர்த்தலும் நிருவாகத்தின் பாதியன்றோ!

மற்றப் பாதிக்கு, அதாவது இயந்திரத்துக்கு, ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்ற ஆங்கிலேய வல்லுநரைக் கொணர்ந்தார். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் அறிந்திருந்தார். இந்தியாவில் அரிதாயிருந்த வளையக் கதிர் முறையை 1880களில் இங்கே சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதில் புரூக்ஸ்பிக்குப் பெரும் பங்குண்டு. தொழிலாளர்க்கென 1886இலேயே ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. பட்டதாரி இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுத்துப் பொறுப்பான பதவிகளுக்குப் பழக்கும் வழக்கமும் இவ்வாலையில் உண்டாயிற்று. தெரிந்து வினையாடலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் இங்கே விளங்குகின்றது.

ஆலை பெஸன்ஜியின் கையில் செம்மையாக நடந்தமையால், ஜாம்ஷெட்ஜியின் சிந்தை அறிவியற் கல்விக்கூடம், நீர்வீழ்ச்சி மின்சாரம், இரும்பாலை ஆகியவற்றை நாடிற்று. கல்விப் பணிக்கு அவர் பிடித்த ஆள் பர்ஜோர்ஜி பாத்ஷா. அவரை மேனாடுகளின் பல்கலைக்கழகங்களைக் கண்டுவர அனுப்பினார். 1898இல் முப்பது இலட்ச ரூபாய் மதிப்புள்ள சொத்தை அதற்கென ஒதுக்க முன்வந்தார். பெங்களூரின் இந்திய அறிவியற் கழகம் 1909இல் உருப்பெற்றது.

இரும்பின் கதை கடினமானது. 1902இல் அமெரிக்கா சென்ற முதியவர், சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியாளரைத் தேடிப் பிடித்தார். பெரின் தம் துணைவர் வெல்டு என்பவரை மண்ணாராய்ச்சிக்கு அனுப்பினார். வெல்டுடன் காடுகளில் மாட்டு வண்டியில் அலைந்தவர் மூத்த மகன் தொராப்ஜி. சாந்தா மாவட்டத்துக் கனி பயன்படாதென்று தெரிந்தது. தேடும் உரிமையைக் கைவிடுவதாகத் தெரிவிக்கத் தொராப்ஜி நாகபுரிக்கு வந்தார். தலைமை ஆணையர் அலுவலகத்தில் இல்லை. காத்திருந்த பொழுதைப் போக்க எதிரிலிருந்த அரும்பொருட் காட்சிச்சாலைக்குள் நுழைந்தார். அங்கே மாட்டியிருந்த நிலநூற் படத்தில் துர்க் மாவட்டம் கருநிறம் பூண்டிருந்தது. இரும்புக்கு அது அடையாளம்! நம்முள் எத்துணை பேர் அந்தக் காட்சிச்சாலையைப் பலமுறை பார்த்திருப்போம்! வெல்டு துர்க் சென்று தல்லி-ராஜ்ஹரா குன்றுகளைக் கண்டார். ஆனால் நிலக்கரியும் நீரும் அருகே அமையவில்லை.

துர்க் பகுதியை முன்னரே ஆராய்ந்தவர் பி. என். போஸ் என்ற வங்க நிலநூலறிஞர். அவர் அப்போது மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் இருந்தார். அங்குள்ள கோருமகிசானி மலையின் இரும்பைப் பற்றி 1904 பிப்ரவரியில் ஜாம்ஷெட்ஜிக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாதம் கடப்பதற்குள் ஜாம்ஷெட்ஜி மறைந்தார். தொராப்ஜியும் பாத்ஷாவும் பெரினும் வெல்டும் கலையவில்லை. போஸின் சொல் மெய்யாயிற்று. 1907இல் கம்பெனி பதிவாயிற்று. இந்திய மக்கள் மூன்றே வாரத்தில் பங்குப் பணத்தை நிரப்பினர். சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்து, 1912 பிப்ரவரி 16ஆம் நாள் முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1919இல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. அருகிருந்த காளிமாட்டி இரயில் நிலையமும் டாட்டாநகர் எனப் பெயர் பெற்றது.