சிலேட்டும் நோட்டும்: கணித மேதை இராமானுஜன்



சீனிவாச இராமானுஜன் 22.12.1887 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அவர் குடும்பம் கும்பிட்ட நாமகிரித் தாயார், நம்ம கொல்லிமலைக்குக் கீழே நாமக்கல்லில்தான் இருக்கிறாள்.

கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார்.

அவருக்குக் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகலை. சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையாலேயே அழிச்சிடுவார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார்.

கம்ப்யூட்டர் படிக்கிற நமக்கு இது தெரிஞ்ச சங்கதிதான். சிலேட்டுதான் ராம், நோட்டுதான் டிஸ்க்! ஓர் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் பலர் வந்தால், சின்னச் சின்ன தற்காலிக ஃபைல்களை ஓயாமல் எழுதி அழிக்க வேண்டியிருக்கும். எல்லாத்தையும் டிஸ்க்கில் செய்தால் வேகம் குறையும். லினக்ஸில் 'டெம்ப்-எஃப்.எஸ்.' என்று ஒரு வசதி உண்டு. ராமின் ஒரு பகுதியையே ஃபோல்டர் மாதிரி ஆக்கித் தரும். புரோகிராமை மாற்றத் தேவையில்லை, ஃபைல் போகிற இடத்தை மாற்றினால் போதும். ஆனா கரண்ட் போனா அதில் இருந்ததெல்லாம் போச்சு!

இராமானுஜன் 1913-இல் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோயோடு 1919-இல் திரும்பி, 26.4.1920 அன்று 32 வயதில் மறைந்தார்.

நோட்டுகளில் முடிவுகள் இருந்தன. அவற்றுக்கு அவர் போன வழி பெரும்பாலும் சிலேட்டோடு அழிந்திருந்தது. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து ஐந்து பாகங்களாக வெளியிட்டார். முதல் பாகம் 1985-இல், கடைசி 1998-இல்!

ஆகவே நண்பர்களே, மறுபடி உண்டாக்க முடிந்ததை மட்டும் ராமில் வையுங்கள். மாணவர் மார்க், கட்டின ஃபீஸ் கணக்கு இதெல்லாம் உடனுக்குடன் டிஸ்க்குக்குப் போகணும்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சாமை, தினை விதைப்பு பற்றி எங்க பாட்டிக்குத் தெரிஞ்சது எல்லாம் நினைவில்தான், எழுத்தில் ஒரு வரி இல்லை. இந்த லீவில் ஒரு நோட்டு வாங்கி, எதை எப்போ விதைப்பாங்க என்பதோடு ஏன் அப்படி என்பதையும் கேட்டு எழுதப் போகிறேன். உங்க வீட்டிலும் அப்படி யாராவது இருப்பாங்க. நீங்களும் எழுதுங்கள்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பிரிவு, எடப்புளி நாடு