சம வேலைக்குச் சம சம்பளம் கேட்ட லூசி ஸ்டோன்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வெஸ்ட் புரூக்பீல்டு என்று ஓர் ஊர். அதை அடுத்த குன்றின் மேல் ஒரு பண்ணை வீடு. 1818-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி மாலை வானம் இருண்டது. மழை வருமுன் புல்லைச் சேர்க்க ஆண்கள் எல்லோரும் வயலுக்கு ஓடினார்கள். வீட்டு எஜமானி ஹன்னா நிறைமாத கர்ப்பிணி. எட்டுப் பசுக்களையும் அவளே கறக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய் மகிழவில்லை. பெண்ணாகப் பிறந்துவிட்டதே, பெண்ணின் வாழ்வு கஷ்டமான வாழ்வாயிற்றே என்று வருந்தினாள்.

அந்தக் குழந்தைதான் லூசி ஸ்டோன். வேலைக்கு ஏற்ற சம்பளம் பெண்ணுக்கும் வேண்டும் என்று கேட்டு, கேட்டதை வாங்கியும் காட்டிய பெண்மணி.

தகப்பனார் கையில் பணம்

ஹன்னா பெற்ற ஒன்பது பிள்ளைகளில் லூசி எட்டாவது பிள்ளை. தாய் விடியுமுன் எழுந்து இரவு வரை உழைத்தாள். ஆனால் பணம் முழுவதும் தகப்பனார் கையில் இருந்தது. ஒரு சிறு செலவுக்கும் தாய் அவரிடம் கெஞ்ச வேண்டும். உழைப்பவள் ஒருத்தி, பணம் வேறொருவர் கையில் என்பதைச் சிறுமி லூசி தினமும் பார்த்தாள்.

அவளுக்குப் படிப்பில் ஆசை. தகப்பனார் மகன்களைக் கல்லூரிக்கு அனுப்பினார். மகள் கல்லூரி என்றதும், இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்று மனைவியிடம் கேட்டார். லூசி அழுதுகொண்டு உட்காரவில்லை. காட்டில் பழங்களையும் கொட்டைகளையும் பொறுக்கி விற்று, அந்தக் காசில் புத்தகம் வாங்கினாள்.

பெண்ணுக்கு உள்ளதுதான்

16-வது வயதில் லூசி கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார். மாணவர்களின் வீடுகளில் முறை வைத்துத் தங்கிப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை. ஆண் ஆசிரியர்களுக்குக் கிடைத்ததைவிட அவருடைய சம்பளம் மிகவும் குறைவு.

ஒரு குளிர் காலத்தில், அண்ணன் போமனுக்குப் பதிலாக அவருடைய பள்ளியில் லூசி பாடம் நடத்தினார். அதே பள்ளி, அதே பிள்ளைகள், அதே பாடங்கள். ஆனால் அண்ணனுக்குக் கொடுத்த சம்பளம் தங்கைக்குக் கிடைக்கவில்லை. லூசி பள்ளிக் குழுவிடம் முறையிட்டார். பெண்ணுக்கு உள்ள சம்பளத்தைத்தான் கொடுக்க முடியும் என்று குழு பதில் சொல்லிவிட்டது. வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. அவர் பெண் என்பது ஒன்றே குறை! இது லூசியின் மனத்தில் ஆழப் பதிந்தது.

ஒன்பது ஆண்டுச் சேமிப்பு

பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடம் கொடுத்த கல்லூரி ஒன்று ஒஹையோ மாகாணத்தில் ஓபர்லின் என்ற ஊரில் இருந்தது. அங்கே சேர லூசிக்கு ஆசை. குறைந்த சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து, பணம் சேர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

1843-ம் ஆண்டு, 25-வது வயதில் லூசி புறப்பட்டார். ஏரியைக் கடக்கும் நீராவிக் கப்பலில் அறை எடுக்கப் பணம் இல்லை. மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளின் நடுவே படுத்து இரவைக் கழித்தார்.

மூன்று சென்ட் கூலி

கொண்டு வந்த பணம் படிப்பு முழுவதற்கும் போதாது. கல்லூரியில் மாணவர்கள் வேலை செய்து சம்பாதிக்க ஏற்பாடு இருந்தது. லூசிக்குக் கிடைத்தது பெண்கள் விடுதியில் வீட்டு வேலை. மணிக்கு மூன்று சென்ட் கூலி. ஒரு டாலர் சேர்க்க 33 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஆண் மாணவர்களுக்கோ அவர்கள் செய்த வேலைக்கு இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது.

பாத்திரம் துலக்கும்போது கிரேக்கப் பாடப் புத்தகத்தை எதிரே சாய்த்து வைத்துப் படிப்பார். செலவைக் குறைக்கத் தன் அறையிலேயே சமைத்துக் கொள்வார்.

1844-ம் ஆண்டு பெண்கள் பிரிவில் கணக்குப் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. இங்கும் பெண் என்பதால் சம்பளம் குறைவுதான். ஓர் ஆண் மாணவர் சம்பாதிப்பதைத் தானும் சம்பாதிக்க லூசி இரண்டு பங்கு உழைக்க வேண்டியிருந்தது. பல நாள் இரவு இரண்டு மணிக்கே எழுந்து வேலையும் படிப்பும் பார்த்தார். உடம்பு தளர்ந்தது.

வேலையை விட்டார்

1845-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் லூசி ஒரு முடிவுக்கு வந்தார். கல்லூரி ஆசிரியர் குழுவிடம் ஒரு கோரிக்கை வைத்தார். தன்னைவிட அனுபவம் குறைந்த இரண்டு ஆண்கள் அங்கே பாடம் நடத்தினார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் தனக்கும் வேண்டும் என்பதே கோரிக்கை.

குழு மறுத்தது. லூசி வேலையை ராஜினாமா செய்தார்.

சாதாரண மனத்துக்கு இந்தத் துணிவு வராது. அந்த வருமானம் போனால் படிப்பே போகலாம். ஒன்பது ஆண்டுப் பாடும் வீணாகலாம். கையில் பணம் தீர்ந்தால் தகப்பனாரிடம் கடன் கேட்கலாம் என்று நினைத்துத் தன் கஷ்டத்தை வீட்டுக்குக் கடிதமாக எழுதினார்.

அந்தக் கடிதம் தகப்பனாரின் மனத்தைக் கரைத்தது. ஒரு காலத்தில் மகளைப் பைத்தியமா என்று கேட்டவர், வேண்டும்போது பணம் தருகிறேன் என்று இப்போது வாக்குக் கொடுத்தார்.

கல்லூரியில் லூசியிடம் படித்த பெண்களும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஆசிரியையைத் திரும்பக் கொடுங்கள், கல்லூரி நியாயமான சம்பளம் கொடுக்காவிட்டால் நாங்களே கொடுக்கிறோம் என்று முறையிட்டார்கள்.

மூன்று மாதம் கழிந்தது. குழு இறங்கி வந்தது. ஆண்களுக்குரிய சம்பளத்தையே கொடுத்து லூசியைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருக்கு மட்டும் அல்ல. அங்கே பாடம் நடத்திய மற்ற மாணவிகளுக்கும் அதே சம்பளம் கிடைத்தது. தகப்பனாரின் பணம் தேவைப்படவில்லை.

1847-ம் ஆண்டு லூசி பட்டம் பெற்றார். மாசசூசெட்ஸ் மாகாணப் பெண்களில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு கட்டுரை எழுதும்படி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பெண் எழுதிய கட்டுரையை ஆண் ஒருவர்தான் மேடையில் படிப்பார் என்பது விதி. அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று லூசி மறுத்துவிட்டார்.

மேடை ஏறிய மங்கை

பெண்கள் பொதுமேடை ஏறுவதை அன்று பலர் வெட்கக்கேடாக நினைத்தார்கள். லூசி சொற்பொழிவையே தொழிலாகக் கொண்டார். 1848-ம் ஆண்டு முதல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் சார்பில் ஊர் ஊராகப் பேசினார். வார இறுதியில் அடிமை ஒழிப்பைப் பற்றிப் பேச்சு. மற்ற நாட்களில் பெண் உரிமையைப் பற்றிப் பேச்சு.

ஒரு கூட்டத்தில் அவர் தலையைப் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தை வீசினார்கள். குளிர் காலத்தில் ஒரு நாள் ஜன்னல் வழியாகக் குழாயை விட்டு அவர்மீது ஐஸ் போன்ற தண்ணீரைப் பீய்ச்சினார்கள். லூசி சால்வையைப் போர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். நாளடைவில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி அவர் பேச்சைக் கேட்க மக்கள் வந்தார்கள்.

1850-ம் ஆண்டு வூஸ்டர் நகரில் நடந்த முதல் தேசியப் பெண் உரிமை மாநாட்டைக் கூட்டியவர்களில் அவரும் ஒருவர்.

தன் பெயர், தன் பணம்

அன்றைய வழக்கப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே சொந்தம். தாய் பட்ட பாட்டை லூசி மறக்கவில்லை. அதனால் திருமணமே வேண்டாம் என்றிருந்தார். ஹென்றி பிளாக்வெல் என்பவர் இரண்டு ஆண்டு காத்திருந்து அவர் மனத்தை மாற்றினார். 1855-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி திருமணம் நடந்தது. கணவனுக்குச் சட்டம் கொடுத்த அநியாயமான அதிகாரங்களை ஏற்கமாட்டோம் என்று இருவரும் கையெழுத்திட்ட அறிக்கை விழாவில் படிக்கப்பட்டது. லூசி தன் பெயரையும் மாற்றிக் கொள்ளவில்லை.

1858-ம் ஆண்டு அவர் தன் வீட்டுக்கு வரி கட்ட மறுத்தார். ஓட்டு இல்லாதவளிடம் வரி கேட்பது நியாயமா என்பது அவர் வாதம். கையில் நாலு மாதக் குழந்தை. வீட்டுச் சாமான்கள் சில ஏலம் போயின. அவர் கலங்கவில்லை.

1870-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் பெண்களுக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். தம் கடைசிக் காலம் வரை அதை நடத்தினார்.

1883-ம் ஆண்டு ஓபர்லின் கல்லூரி பொன்விழாக் கொண்டாடியது. ஒரு காலத்தில் தன் கட்டுரையைத் தானே படிக்க உரிமை இல்லாதிருந்த லூசியை, விழா மேடையில் பேசும்படி கல்லூரியே அழைத்தது!

1893-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ந் தேதி, 75-வது வயதில் லூசி ஸ்டோன் காலமானார். அவர் தேடிய பெண்களின் ஓட்டுரிமை 1920-ம் ஆண்டு அமெரிக்காவில் சட்டமாயிற்று. சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சட்டம் அங்கே 1963-ம் ஆண்டுதான் வந்தது. லூசி ராஜினாமா செய்த நாளிலிருந்து கணக்கிட்டால் 118 ஆண்டுகள்! சட்டம் வந்த பிறகும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பள வித்தியாசம் முழுவதும் ஒழிந்துவிடவில்லை.

பெண்ணாகப் பிறந்ததே என்று தாய் வருந்திய குழந்தை அது. தன் உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்கத் தயங்கும் எந்தப் பெண்ணும், வேலை போனாலும் சரி என்று ஓபர்லினில் உறுதியாக நின்ற அந்த மாணவியை நினைத்துக்கொள்ளலாம்.